ராயப்பனின் மக்கும் பை

பூமி இன்னும் வெந்து சாம்பலாகாமல் சுற்றிக்கொண்டிருப்பதில் திண்டிவனத்துக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கில் முக்கால்வாசி ராயப்பனுடையது. மீதிக் கால்வாசியை அவருடைய பசுமை வணிகர் கூட்டமைப்பின் மற்ற உறுப்பினர்கள் பெருந்தன்மையோடு தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பனிமலை உருகுவதைப் பற்றிப் பேசுவதற்காக விஞ்ஞானிகள் நாடு நாடாக விமானத்தில் பறந்துகொண்டிருந்த காலத்தில், மேம்பாலத்துக்கு அருகே ஒரு டீக்கடைக்கும் ஒரு ரீசார்ஜ் கடைக்கும் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பூமியைக் காப்பாற்றியவர் அவர்.

அவர் செய்து வந்தது பிளாஸ்டிக் பை மொத்த வியாபாரம்.

தொண்ணூற்று மூன்றில் அவர் கடை திறந்தபோது திண்டிவனத்து மக்கள் மார்க்கெட்டுக்குக் கையில் மஞ்சப்பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். போகும்போது வெறும் பையைச் சுமப்பது, வரும்போது நிறைந்த பையைச் சுமப்பது என்று வாழ்நாள் முழுக்கச் சுமைதான். ராயப்பனுக்கு அது பொறுக்கவில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு கிளம்பி, பத்து விரலிலும் பத்துப் பை தொங்கத் திரும்பும் சுதந்திரத்தை அவர்தான் ஊருக்கு வாங்கிக் கொடுத்தார். சில வருடங்களிலேயே ஊர் முன்னேறிவிட்டது. இட்லிக்கு ஒரு பை, சாம்பாருக்கு ஒரு பை, சட்னிக்கு ஒரு பை, இந்த மூன்றையும் போட்டுக்கொள்ள ஒரு பை என்று ஆனது. மழைக்காலத்தில் வாய்க்கால்கள் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, அந்தத் தண்ணீரிலும் அவருடைய பைகள்தான் மிதந்தன. ஒரு பொருள் இப்படி வீடு தேடி வருவது எந்த வியாபாரிக்கும் எளிதில் வாய்க்காத பாக்கியம்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் மெல்லிய பைகளை விற்கக்கூடாது என்று அறிவிப்பு வந்தது. ராயப்பன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. குடோன் நிறையச் சரக்கு. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். மெழுகுவர்த்தி வாங்கிய கடையில் அதைச் சுற்றிக் கொடுத்த பையைப் பார்த்துக் கண் கலங்கினார்.

மாதா கைவிடவில்லை. அடுத்த வாரமே கோகுலகிருஷ்ணனை அனுப்பி வைத்தாள். புதுச்சேரியில் பைகளுக்கு அச்சுப் போட்டுக் கொடுப்பவர். தன்னைப் ‘பசுமை ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்டார். முந்தின வருடம் வரைக்கும் வாஸ்து ஆலோசகராக இருந்தவர்.

“சார், நீங்க பையை மாத்த வேணாம்,” என்றார். “பை மேல கீற எழுத்த மாத்துங்க.”

“இன்னா எழுத்து?”

“மக்கும் பை.”

ராயப்பன் ஒரு பையை எடுத்து இழுத்துப் பார்த்தார். அது நீண்டது. விட்டார். சுருங்கியது. “இது மக்குமா?”

“எது சார் மக்காது? செஞ்சிக் கோட்டைகூட ஒரு நாளைக்கு மக்கத்தான் போவுது. நாம மக்கும்னுதான் போடறோம். எப்பன்னு போடலயே.”

ராயப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணத்தில் இரண்டு முறை தோற்றவர் அவர். பெயரெச்சம் எதற்கு என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிந்தது. பெயரெச்சம் காலத்தைக் காட்டும், தேதியைக் காட்டாது. இப்படி ஒரு வசதியை மொழிக்குள் ஏற்பாடு செய்து வைத்துவிட்டுப் போன முன்னோரை நினைத்து அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பத்து நாளில் பை வந்தது. வெள்ளைப் பையில் பச்சை இலை. இலைக்குக் கீழே ‘மக்கும் பை’. அதற்கும் கீழே, கோகுலகிருஷ்ணனே யோசித்து எழுதிய வாசகம்: ‘இன்று பை, நாளை பயிர்.’ ராயப்பனின் மனைவி அமல்ராணி ஒரு பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்கணக்கில் முக்கால்வாசி அவள் பார்த்ததுதான். சரக்கைக் கையால் தொட்டாலே தரம் சொல்லிவிடுவாள்.

“ஏங்க, இது அதே பைதானே?”

“அதே பைதான். ஆனா நோக்கம் வேற.”

நோக்கம் வேறு என்பதால் விலையும் வேறு ஆனது.

ஒரு கை தட்டினால் ஓசை குறைவாக இருக்கும் என்பதால் ராயப்பன் திண்டிவனம் பசுமை வணிகர் கூட்டமைப்பைத் தொடங்கினார். தலைவர் அவரே. செயலாளர் மாசிலாமணி, லாட்ஜ் வைத்திருப்பவர். லாட்ஜின் வெந்நீர்க் கருவி கெட்டுப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. கூட்டமைப்பில் சேர்ந்த அன்றே மாசிலாமணி அதைச் சரிசெய்யும் எண்ணத்தை நிரந்தரமாகக் கைவிட்டு, ஒவ்வொரு குளியலறையிலும் ‘குளிர்ந்த நீரில் குளிப்பது பூமிக்கு நீங்கள் தரும் முத்தம்’ என்று எழுதி ஒட்டினார். விளக்கு எரியாத மாடிப்படிக்கு ‘மின்சிக்கனப் பகுதி’ என்று பெயர் வைத்தார். நகலகக் கடைக்காரர் ஒருவர் ‘காகிதத்தைச் சேமிப்போம்’ என்று பளபளக்கும் காகிதத்தில் ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கப் பறக்கவிட்டார். புவி வெப்பமடைதல் பற்றிய கூட்டங்களில் யாருக்கும் வெப்பம் தெரியக்கூடாது என்பதால் அவை குளிர்சாதன அறையில் மட்டுமே நடத்தப்படும் என்று முதல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தொடக்க விழாவில் ராயப்பன் பேசினார். நாலு வார்த்தை பேசிவிட்டு உட்காரத்தான் நினைத்திருந்தார். ஆனால் மைக் நல்ல மைக். குரல் கணீரென்று திரும்பி வந்தபோது அவருக்கே தன்மேல் மரியாதை ஏற்பட்டுவிட்டது. “இந்தப் பை குப்பையில்ல,” என்றார். “இது ஒரம். மண்ணுல போட்டீங்கன்னா மண்ணு சாப்புடும். பயிரு பச்சுனு வரும்.” கைதட்டல் அடங்க நேரமானது.

தட்டியவர்களில் அப்பாதுரையும் ஒருவர். ஒலக்கூர்க்காரர். ஏரிக்குக் கீழே சொந்த நிலத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை போடுபவர். ராயப்பனும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சாக்கு வாங்க டவுனுக்கு வந்தவர், போஸ்டரில் நண்பன் படத்தைப் பார்த்துவிட்டு, சாக்கை மண்டப வாசலில் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். தன்னோடு படித்தவன் மைக்கில் பேசுவதை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

கூட்டமைப்பின் அடுத்த சாதனை ‘பை திரும்பும் திட்டம்’. காலிப் பைகளைக் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளைகளுக்குச் சாக்லேட். சாக்லேட் சுற்றி வரும் தாள் திட்டத்தில் சேராது. பிள்ளைகள் ஊரையே துடைத்து எடுத்து வந்தார்கள். மீன் வாங்கிய பை, சாம்பார் ஊற்றிய பை, எதற்குப் பயன்பட்டது என்று கேட்கக்கூடாத பை. ஒரே மாதத்தில் குடோன் கூரை வரைக்கும் நிறைந்தது. கூட்டமைப்பு இதைத் திட்டத்தின் வெற்றி என்று அறிவித்தது. அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆமோதித்தார்கள். திரும்பி வந்த பை அடுத்து எங்கே போகும் என்று திட்டத்தில் யாரும் எழுதவில்லை.

“இத ஜல்தியா எங்கியாச்சும் தள்ளுங்க,” என்றாள் அமல்ராணி. “கடையில நிக்க முடியல. கஸ்டமருங்க ரோட்டுலயே நின்னுக்கினு சரக்கு கேக்கறாங்க.”

அந்த வாரம்தான் அப்பாதுரை கடைக்கு வந்தார்.

“ராயப்பா, அன்னிக்கு மைக்குல சொன்னியே, பை ஒரமாவும்னு. மெய்தானாடா?”

ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. தலைவர்கள் அப்படிப் பதில் சொல்வதில்லை.

“மைக்குல யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?” என்றார் ராயப்பன்.

“அதான பாத்தேன். யூரியாவுக்கு அலஞ்சி அலஞ்சி பேஜாராப் போச்சிடா. ஒன் குடோன்ல பை சும்மாதான கெடக்குது. எனக்குக் குடேன். மார்கழிப் பட்டத்துக்கு ஓட்டறப்ப மண்ணோட கலந்து வுட்டுடறேன்.”

ராயப்பன் நண்பனின் முகத்தைப் பார்த்தார். அதில் சந்தேகம் என்று ஒரு துளி இல்லை. ‘வேணாம்டா’ என்ற சொல் அவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இதை அவருடைய பெருமைக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே நேரத்தில் குடோன் பக்கமிருந்து ஒரு காற்று வீசியது.

“வண்டிய நானே அனுப்பறேன்டா,” என்றார்.

குட்டியானை வண்டி நடை நடையாகப் போனது. ஒவ்வொரு நடையிலும் வண்டி முன்னால் ‘விவசாயிக்கு வணிகரின் காணிக்கை’ என்று பேனர் கட்டியிருந்தது. கடைசி நடை கிளம்பியபோது அமல்ராணி காலியான குடோனைக் கழுவிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

“அந்த அண்ணன் நெசமாவே நம்பிக்கினு போவுதுங்க.”

“விவசாயம்னாலே நம்பிக்கதான்.”

“பாவசங்கீர்த்தனத்துல இதச் சொல்லுவீங்களா?”

“தொழில் விஷயத்த சாமியார்கிட்டல்லாம் சொல்லக்கூடாது,” என்றார் ராயப்பன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலில் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கமே போகவில்லை. கூட்டம் அதிகமாக இருந்தது என்று சொன்னார்.

ஒலக்கூரில் உழவு நடந்த அன்று கூட்டமைப்பே வயலில் திரண்டது. டிராக்டர் கலப்பையில் பைகள் சுற்றிக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி, கத்தியால் அறுத்துவிட்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி ஏறினார். அவர் சொன்னது வாழ்த்துரை அல்ல. வரப்பில் ‘மக்கும் பை மாதிரிப் பண்ணை’ என்று பலகை நட்டார்கள். அப்பாதுரை தோளில் ராயப்பன் கைபோட்டு நிற்க, படம் எடுத்தார்கள்.

அப்பாதுரையின் மனைவி சின்னபொண்ணு எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள். ராயப்பனிடம் சொம்பை நீட்டியபடி கேட்டாள்:

“ணா, மழைக்கு எங்க கோழிக்கூண்டு மேல ஒங்க பையத்தான் போட்டு வச்சிகிறோம். ரெண்டு மழ தாங்கிடுச்சி. ஓட்ட கூட வுழல. மண்ணுல மட்டும் எப்படிணா மக்கும்?”

“அது கூண்டு மேல இருக்குதும்மா. மண்ணுக்குள்ள போனாத்தான் அதுக்கு மனசு எளகும்.”

“பைக்கா?”

“மண்ணு எல்லாத்தயும் எளக்கிடும்மா,” என்று ராயப்பன் மோரைக் குடித்தார். நல்ல மோர்.

மல்லாட்டை முளைத்தது. செடி பச்சென்று வந்தது. அந்தப் பச்சையைப் படம் எடுத்துக் கூட்டமைப்பு போஸ்டர் அடித்தது. மஞ்சளாகப் பூத்தது. அதையும் படம் எடுத்தார்கள். மல்லாட்டைக்குக் காய் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. பூவிலிருந்து விழுது இறங்கி, மண்ணைத் துளைத்து உள்ளே போனால்தான் அது காய். அந்த இடத்தில் கேமராவுக்கு வேலை இல்லை என்பதால் கூட்டமைப்பு வீடு திரும்பியது.

தண்ணீர் கட்டினால் ஒரு பாத்தியில் குளமாக நின்றது. அடுத்த பாத்தி காய்ந்து வெடித்தது. பங்குனி மாதம் அப்பாதுரை போன் செய்தார். “ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போடா,” என்றார்.

ராயப்பன் அன்று தனியாகத்தான் போனார். பேனர் இல்லை, படம் எடுப்பவர் இல்லை. பைக்கை ரோட்டில் நிறுத்திவிட்டு, நட்ட பலகையைத் தாண்டி வரப்பில் நடந்தார். பிடுங்கிய செடிகள் வரிசையாகக் கிடந்தன. அப்பாதுரை ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் கொத்தாகக் காய் தொங்க வேண்டிய இடத்தில் பை தொங்கியது. உள்ளே இறங்க வந்த விழுதுகள் பையின் மேல் வழுக்கி, பக்கத்தில் இடம் தேடி, அங்கேயும் பையே இருக்க, சுருண்டு கறுத்திருந்தன. நாலைந்து பிஞ்சு, குழந்தையின் பால் பல் மாதிரி. பையை உதறியதும் மண் உதிர்ந்தது. பச்சை இலை அப்படியே இருந்தது. ‘இன்று பை, நாளை பயிர்.’ ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. அச்சு வேலையில் கோகுலகிருஷ்ணனைக் குறை சொல்லவே முடியாது.

“முழுக்க இப்படித்தானா?” என்றார் ராயப்பன்.

“கெணத்தோரமா கொஞ்சம் தேறும். வெதைக்கு ஆவாது.” அப்பாதுரை செடியைக் கீழே வைத்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, வீட்டுப் பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றார். “நான்தான்டா சரியாப் பண்ணல போலக்குது. இன்னும் ஆழமாப் பொதைச்சிருக்கணும். நீ அவ்ளோ கஷ்டப்பட்டு லோடு லோடா அனுப்பிச்ச. வீணாக்கிட்டேன். ஒனக்குக் கெட்ட பேருடா.”

நண்பன் சட்டையைப் பிடிப்பான், ஊரைக் கூட்டுவான் என்று வழியெல்லாம் பயந்து, அதற்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார் ராயப்பன். அவர் வயலைப் பார்த்தார். வெயிலில் மண்ணுக்குள்ளிருந்து அங்கங்கே வெள்ளை வெள்ளையாக நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

“அப்பாதுரை,” என்றார். “நான் ஒண்ணு சொல்லணும்டா.”

“சொல்லு.”

அப்போது போன் அடித்தது. மாசிலாமணி. விழுப்புரத்தில் மாவட்ட அளவிலான பசுமைத் தொழில் விழா நடக்கப் போகிறது, அதில் இந்த வருடத்துச் ‘சுற்றுச்சூழல் செம்மல்’ விருது மக்கும் பைக்குத்தான், மாதிரிப் பண்ணை விவசாயியையும் மேடைக்கு அழைத்து வரச் சொல்கிறார்கள், சட்டை அளவு வேண்டும் என்றார். ராயப்பன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில், சொல்ல வந்தது திரும்பி உள்ளே போய்விட்டிருந்தது.

“இன்னாடா சொல்ல வந்த?”

“மண்ணப் பரிசோதன பண்ணணும்டா,” என்றார் ராயப்பன்.

கூட்டமைப்பு எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. தலைவர், செயலாளர், ஆலோசகர் என மூவர் கொண்ட உயர்மட்ட ஆய்வுக் குழு, கண்ணாடி ஏற்றிய காரில் ஒலக்கூருக்கு வந்தது. கோகுலகிருஷ்ணன் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். மாசிலாமணியும் முகர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

“பையில குத்தமில்ல,” என்றார் கோகுலகிருஷ்ணன். “பை மக்கறதுக்குத் தயாராத்தான் இருந்துச்சி. மண்ணுதான் ஒத்துழைக்கல.”

“எங்க பாட்டன் காலத்து மண்ணுங்க,” என்றார் அப்பாதுரை தாழ்ந்த குரலில். “இதுவரைக்கும் எதுக்கும் முரண்டு புடிச்சதில்ல.”

“அதான் பிரச்சன. பழைய மண்ணு. புதுப் பொருளுக்குப் பழகல. போதிய விழிப்புணர்வு இல்ல.”

சின்னபொண்ணு வரப்பில் நின்றிருந்தாள். “மண்ணுக்கா?” என்றாள்.

“ஆமாம்மா.”

அவள் ராயப்பனைப் பார்த்தாள். ராயப்பன் ஏரிக்கரையைப் பார்த்தார். அன்று மாலை நடந்த அவசரக் கூட்டத்தில், ஒலக்கூர் மண் தரம் குறைந்தது என்ற ஆய்வு முடிவு கைதட்டலோடு ஏற்கப்பட்டது. விவசாயிக்கு ஏற்பட்ட மனவருத்தத்தைக் கூட்டமைப்பு தன் மனவருத்தமாகவே கருதும் என்ற தீர்மானமும் நிறைவேறியது. அதற்கு மேல் கருதுவதற்கு எதுவும் இல்லை.

விழுப்புரத்தில் ரயிலடிப் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில் விழா. வாசலில் பிளாஸ்டிக் வாழை மரம் இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். நிஜ வாழையை வெட்டுவது இயற்கைக்கு விரோதம் என்று மாசிலாமணி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் பாக்கெட்டில் தண்ணீர். தின்ன மிக்சர், அது ஒரு சின்னப் பையில். எல்லாவற்றின் மேலும் பச்சை இலை.

சிறப்பு விருந்தினர் ராயப்பனைப் பற்றிப் பேசினார். காந்தியையும் ராயப்பனையும் ஒரே வாக்கியத்தில் கொண்டுவந்தார். வாக்கியம் நீளமாக இருந்ததால் இரண்டு பேருக்கும் நடுவில் போதிய இடைவெளி இருந்தது. பிறகு மாதிரி விவசாயி அப்பாதுரை மேடைக்கு அழைக்கப்பட்டார். கூட்டமைப்பு வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சட்டை தோளில் பெரிதாக இருந்தது. அனுபவத்தைச் சொல்லும்படி கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

அப்பாதுரை மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் அவர் நின்றதில்லை. ராயப்பன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இப்போது வெடிக்கும் என்று நினைத்தார். ஒருவகையில், வெடித்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தார்.

“எல்லாரும் மன்னிக்கணும்,” என்றார் அப்பாதுரை. “பை நல்ல பைதாங்க. என் கூடப் படிச்சவன் குடுத்தது. கெடுதலா குடுப்பானா? எம்மண்ணுதான் சரியில்லன்னு பெரியவங்க வந்து பாத்து சொல்லிட்டாங்க. இந்தத் தரம் மல்லாட்ட ஒண்ணும் தேறல. அதுக்குப் பை பொறுப்பில்லீங்க. அவ்ளோதான்.”

மண்டபம் கைதட்டியது. எழுந்து நின்று கைதட்டியது. விவசாயியின் பெருந்தன்மைக்கா, பையின் பெருமைக்கா என்று யாருக்கும் தெளிவில்லை. ராயப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. நெஞ்சில் ஏதோ ஒன்று உள்ளே இறங்க இடம் கிடைக்காமல் சுருண்டது. அவர் எழுந்தார். மைக்கைத் தன்னிடம் தரும்படி கையை நீட்டினார். நீட்டிய கையில் சிறப்பு விருந்தினர் கேடயத்தை வைத்தார். படம் எடுப்பவர் அதே வினாடியில் அழுத்தினார். அந்தப் படம்தான் இன்றைக்கும் கூட்டமைப்பு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது. கீழே ‘பூமிக்காகக் கண் கலங்கிய தலைவர்’ என்று எழுதியிருக்கிறது.

அப்பாதுரைக்குச் சால்வை கொடுத்தார்கள். இலை போட்ட பையில் வைத்து. கீழே முதல் வரிசையிலிருந்து சின்னபொண்ணு எழுந்து மேடையோரம் வந்தாள். கணவன் கையிலிருந்த பையை வாங்கி, சால்வையை வெளியே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பையை மேடையின் விளிம்பில் ராயப்பன் காலடியில் வைத்தாள்.

“வா, பஸ்ஸு போய்டும்,” என்று கணவனிடம் சொன்னாள்.

இரண்டு பேரும் நடுவழியில் நடந்து வெளியே போனார்கள். ராயப்பன் கேடயத்தோடு வீடு திரும்பினார். அதற்குப் பிறகு அமல்ராணி மார்க்கெட்டுக்குப் போகும்போது துணிப்பை ஒன்றை மடித்துப் புடவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள். தலைவர் மனைவியின் கையில் துணிப்பையைப் பார்த்தால் மக்கும் பைக்குக் கெட்ட பெயர் என்று மறைத்துத்தான் கொண்டுபோனாள். அவளும் விசுவாசமானவள்தான்.

அப்பாதுரை அடுத்த பட்டத்தில் கேப்பை போட்டுப் பார்த்தார். அதற்கடுத்த பட்டத்தில் எதுவும் போடவில்லை. அந்த வருடத்துக் கூட்டமைப்பின் ஆண்டறிக்கையில், ‘மாதிரிப் பண்ணையில் ரசாயன உரம் மற்றும் பூச்சிமருந்துப் பயன்பாடு முற்றிலும் ஒழிக்கப்பட்டது’ என்று வந்தது. படிப்பவர்களுக்குப் புல்லரித்தது. நிலத்திலும் புல்தான் இருந்தது.

சில வருடங்கள் கழித்து ஒலக்கூர் ஏரிக்கரையில் கூட்டமைப்பு மரக்கன்று நட்டது. நூறுநாள் வேலைக்காரப் பெண்கள் முன்கூட்டியே குழி வெட்டி வைத்திருந்தார்கள். ராயப்பனுக்கு ஒதுக்கிய குழியருகே மண்வெட்டியோடு நின்றது சின்னபொண்ணு. ராயப்பனுக்கு ஒரு நொடி ஆளே அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கன்றைக் கீழே வைத்துவிட்டார்.

“நல்லாகிறியாம்மா?”

“இருக்கறேன்ணா.”

“அப்பாதுரை எங்க? ஆளயே காணோம்.”

“மெட்ராஸ்ல கீறாரு. பெரிய அபார்ட்மெண்டு. வாட்ச்மேன்னு சொல்லித்தான் கூட்டிக்கினு போனாங்க. இப்ப குப்ப பிரிக்கற வேல. மக்கற குப்ப பச்ச டப்பாவுல போடணுமாம், மக்காத குப்ப நீல டப்பாவுல.”

ராயப்பன் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியை அவரால் வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

“நம்ம பை வந்தா எதுல போடுவான்?”

“பச்சையிலதான் போட்டுக்கினு இருந்தாராம். சூப்பர்வைசர் வந்து திட்டியிருக்கான். இவரு ஒத்துக்கல. ‘இது எங்கூடப் படிச்சவன் செஞ்ச பை, மக்கும்னு அவனே எங்கிட்ட சொன்னான், எம்மண்ணு சரியில்லாததாலதான் அங்க மக்கல’ன்னு சண்ட போட்டுருக்காரு. எல்லாரும் கூடி சிரிச்சாங்களாம். வேலைய வுட்டே அனுப்பப் பாத்தாங்களாம்.” சின்னபொண்ணு மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் காலால் தள்ளினாள். “இப்ப நீலத்துல போடறாரு. ஆனா, அன்னிலேர்ந்து ஒங்கள பத்திப் பேசறதில்ல.”

ராயப்பன் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்றை நடுவதற்குப் படம் எடுப்பவர் காத்திருந்தார். பக்கத்துக் குழிக்காரரான மாசிலாமணி எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தவர், அருகில் வந்து தலைவரின் தோளைத் தட்டினார்.

“இதுக்கு எதுக்கு மொகம் வாடறீங்க? யோசிச்சிப் பாருங்க. ஒரு சாதாரண விவசாயிய கொண்டாந்து சுற்றுச்சூழல் துறையிலயே உக்கார வச்சிட்டோமே.”

ராயப்பன் கன்றை எடுத்துக் குழியில் இறக்கினார். அந்த வருட ஆண்டறிக்கையில் ‘கூட்டமைப்பின் முயற்சியால் உருவான பசுமை வேலைவாய்ப்பு: ஒரு நபர்’ என்று தனியாக ஒரு வரி வந்தது. கூட்டமைப்பு தொடங்கிய நாளிலிருந்து வெளியிட்ட விவரங்களில் பொய்யே கலக்காத வரி அது ஒன்றுதான்.